பச்சைமலைப் பரம்பரைச் சொத்து

27 ஆகஸ்ட் 1973, திங்கள்

இன்று காலை ஒரு முடிவு எடுக்கப்பட்டது. நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, ஆட்சேபம் ஏதுமின்றி, ஏகமனதாக நிறைவேறியது. ஆலோசித்தவனும் ஆட்சேபிக்காதவனும் நானே. பள்ளிக்கூடம் போகும்போது மேலத்தெருவில் இனி குடையை மடக்குவதில்லை.

மேலத்தெருவில் வெயிலும் மழையும் எங்கள் தெரு ஆட்கள் மேல் படாது என்பது பழைய ஏற்பாடு. ஆசிரியர் பயிற்சி முடித்து, சொந்த ஊர்ப் பள்ளிக்கே வாத்தியாராக வந்த நாள் முதல் நானும் அந்த ஏற்பாட்டுக்குக் கட்டுப்பட்டிருந்தேன். இன்று விரித்த குடையோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தேன். ஒரு நாய் மட்டும் குரைத்தது. அதுவும் இன்னொரு நாயைப் பார்த்து.

துரைராசு வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஊர் நிலத்தில் பாதி அவருடையது. மற்றப் பாதி அவருடைய மைத்துனர்களுடையது. ஆட்சி மாறிய வருஷம் அவர் வேட்டியின் கரையும் மாறியது. போன மாதம் மன்னார்குடி மேடையில் ‘உழுபவனுக்கே நிலம்’ என்று பேசியபோது குரல் தழுதழுத்தது. உழுகிறவன் எவனும் அந்த விஷயத்தை அவ்வளவு உருக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை.

குடையைப் பார்த்தார்.

“வாத்தியாரே, வெயில் ஜாஸ்தியோ?”

“ஆமாங்க.”

“சாயங்காலம் ஒங்க அக்காவையும் வீரையனையும் வரச் சொல்லுங்க. நல்ல சேதி இருக்கு.”

இந்த ஊரில் நல்ல சேதி மேலத்தெருவிலிருந்து கீழே வந்ததாக எனக்கு நினைவில்லை. ராத்திரி தூக்கம் வருமா தெரியவில்லை.

28 ஆகஸ்ட், செவ்வாய்

நல்ல சேதி இதுதான்.

உச்சவரம்புச் சட்டப்படி துரைராசு மிஞ்சிய நிலத்தை அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். அதை நிலமில்லாதவர்களுக்குக் கொடுப்பார்கள். அவரிடம் பாடுபட்டவர்களுக்கு முதல் உரிமை. அக்கா ராமாயியும் அவள் புருஷன் வீரையனும் கல்யாணமான காலத்திலிருந்து அவருடைய வடக்குவெளியில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், பயிர் செய்கிறார்கள். அந்த ஆறு மாவைத் தங்களுக்கே தர வேண்டும் என்று மனுப் போட்டிருக்கிறார்கள். மனுவை எழுதியவன் நான். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை.

ஆனால் எந்த நிலத்தை விடுவது என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பைச் சட்டம் நிலம் வைத்திருப்பவரிடமே விட்டிருக்கிறது. கோழிக்கு எந்தக் குழம்பு பிடிக்கும் என்று கேட்கிற சட்டம் இதுவரை வரவில்லை. கோழி நிலம் வைத்திருந்தால் வந்திருக்கும். துரைராசு தேர்ந்தெடுத்தது துறையூருக்கு அப்பால் பச்சைமலையில் இருக்கும் நிலம். பரம்பரைச் சொத்தாம். பிரிய மனசில்லையாம். இருந்தாலும் ஏழைகளுக்காகப் பிரிகிறாராம்.

“ஆறு மா கேட்ட, அஞ்சு ஏக்கர் தர்றேன் ராமாயி,” என்றார். “பலா போடலாம், எலுமிச்சை போடலாம். காவேரியில தண்ணி வந்தா என்ன, வராட்டி என்ன?”

“நெல்லு வருமா ஆண்டே?” என்றாள் அக்கா. ‘ஆண்டே’ என்று சொல்லாதே என்று நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

“நெல்லையே கட்டிக்கிட்டு அழுவுறீங்களே.”

மலை நிலத்தைப் பெற்றுக்கொண்டால் வடக்குவெளி மனு தள்ளுபடி. மலை வேண்டாம் என்றால் மனு நிற்கும், விசாரணை அக்டோபரில். எனக்குப் பேச வாய் வந்தது. அக்கா முந்திக்கொண்டாள்.

“பாக்காத நெலத்துக்கு என்னத்தச் சொல்றது? பாத்துட்டுச் சொல்றோமுங்க.”

துரைராசுவுக்கு ஏனோ சந்தோஷம். “தாராளமாப் பாருங்க. என் ஜீப்பு வரும். தங்கையனும் வருவான்.”

தங்கையன் அவருடைய காரியஸ்தர். அவர் ஜீப் ஓட்டினால் சாலை ஓரமாக ஒதுங்கி நிற்கும்.

30 ஆகஸ்ட், வியாழன்

எங்கள் ஊரில் ஆற்றுப் பாலத்தின் கைப்பிடிச் சுவரை விட உயரமான இடம் கிடையாது. வீரையன் மாமா மலை பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. ஆனால் நான் நிறையப் படித்திருக்கிறேன் என்பதால் நானும் கூடப் போவது என்று தீர்மானம்.

3 செப்டம்பர், திங்கள்

பள்ளிக்கு விடுப்பு. வலிக்காத இடம் என்று எழுதுகிற விரல்களை மட்டும் சொல்லலாம். நேற்று நடந்ததை ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறாது என்பது வேறு.

சனிக்கிழமை ராத்திரி துறையூர்ச் சத்திரத்தில் படுத்து, ஞாயிறு விடிந்ததும் மலையடிவாரத்துக்கு வந்தோம். மாமா தோளில் மண்வெட்டி. நிலம் பார்க்கப் போகிறவன் மண்வெட்டி இல்லாமல் போவானா என்பது அவர் கட்சி. அக்கா கையில் ஒரு மஞ்சள் பை. என்னிடம் குடை.

தங்கையன் ஜீப்பை நிழலில் நிறுத்தினார். “அந்த மொட்டைப் பாறை தெரியுதா? அதுக்குப் பின்னாடி ஒரு முதுகு. அதுக்கும் பின்னாடி.”

“பாதை எதுங்க?”

“பாதை என்ன பாதை? ஒங்க நெலத்துக்கு நீங்க போறீங்க.”

அவர் வரவில்லை. மூட்டுவலி. டிபன் கேரியரோடு ஜீப்பிலேயே இருந்துகொண்டார். நிலத்தின் நான்கு எல்லைகளை மட்டும் சொல்லியனுப்பினார்: வடக்கே பாறை, தெற்கே பாறை, மேற்கே சரிவு, கிழக்கே ஓடை. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. எங்கள் பக்கம் நாலு எல்லைக்குள் இருப்பது வயல். வேறு எதுவாகவும் இருக்க முடியும் என்று யாருக்குத் தெரியும்?

ஏறினோம். முதலில் முள். பிறகு மார்பளவு புல், அதற்குள் ஒளிந்திருக்கும் கற்கள். கால் வைத்தால் உருண்டு கீழே போய் வெகு நேரம் கழித்துச் சத்தம் கேட்டது. வெயில் மண்டையைப் பிளந்தது. குடையை விரித்தேன்; இரு கையும் பாறையைப் பிடிக்க வேண்டியிருந்ததால் மடக்கினேன். மேலத்தெருவுக்கு மடக்காத குடையை ஒரு பாறைக்கு மடக்கும்படி ஆயிற்று. அக்கா வெறுங்காலோடு எங்களுக்கு முன்னால் போய்விட்டு, உட்கார்ந்து, நாங்கள் வருகிற அழகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சம்பளம் வாங்குற காலுடா அது. மெதுவா வா.”

மொட்டைப் பாறை மேல் நின்றபோது நிலம் வந்துவிட்டது என்று நினைத்தோம். அடுத்த முதுகு தெரிந்தது. நடுவில் ஒரு பள்ளம். இறங்கி ஏறினோம். அதற்குப் பின்னாலும் ஒரு முதுகு. மலை என்பது ஒன்று என்று ஒருமையில் சொல்லிக்கொடுக்கிறோம் பிள்ளைகளுக்கு. திருத்த வேண்டும்.

மூன்றாவது முதுகில் இரண்டு கால் வைக்கத்தான் அகலம். இருபுறமும் இறக்கம். மாமா முன்னே நடந்தார்.

“வரப்பு மாதிரிதான் மாப்ள. ரெண்டு பக்கமும் வயலுதான் கொஞ்சம் பள்ளத்துல கெடக்கு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தேன். அதை அக்கா ஊரில் போய்ச் சொல்லாமல் இருக்க வேண்டும்.

எல்லைக் கல்லைக் கண்டபோது காற்று திரும்பியது. ஒரு நொடியில் வெயில் போயிற்று. கீழேயிருந்து மேகம் எழுந்து வந்து எங்கள் காலடியில் பரவி நின்றது. பள்ளம், பாறை, சரிவு எதுவும் இல்லை. கண்ணுக்கெட்டிய வரை ஒரே மட்டமாக வெள்ளை. ஆற்றில் தண்ணீர் விட்டு வயலெல்லாம் நிறைந்து, நடவுக்கு முன்னால் கிடக்குமே, அப்படி. மாமா வாயைத் திறந்தவர் மூடவில்லை.

“எவ்ளோ மட்டமா இருக்கு பாரு ராமாயி.”

அக்கா மஞ்சள் பையிலிருந்து தேங்காயையும் சூடத்தையும் எடுத்தாள். முதன்முதலாகக் கால் வைக்கிற நிலத்தில் தேங்காய் உடைக்காமல் எங்கள் சனம் ஒரு பிடி மண்ணைக்கூடத் தொடாது. கல்லுக்கு மஞ்சள் பூசினாள். காற்றில் சூடம் நிற்கவில்லை. முந்தானையை மறைவாகப் பிடித்துக் கொளுத்தினாள். எல்லைக் கல்லிலேயே தேங்காயை உடைத்தாள். விழுந்து கும்பிட்டாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது; ஆனாலும் குடையைக் கீழே வைத்தேன்.

மாமா முதல் வெட்டு வெட்டினார். மண்வெட்டி மணி மாதிரி ஒலித்தது. இரண்டடி தள்ளி வெட்டினார். மறுபடி மணி. மூன்றாவது வெட்டில் நெருப்பு பறந்தது.

அப்போதுதான் மேகம் கிழிந்தது. நாங்கள் நின்றது ஒரு கரும்பாறையின் நடுமுதுகில். ஐந்து ஏக்கரும் அதுதான். விரிசலில் விரிசலில் கொஞ்சம் புல். மேற்கே சரிவு என்று சொன்னார்களே, அது சரிவில்லை. ஒன்றுமில்லை. எட்டிப் பார்த்தால் கீழே ஏதோ ஊரின் கூரைகள் பொரி இறைத்த மாதிரி தெரிந்தன.

பலாவாம். எலுமிச்சையாம். அடப்பாவிகளா, மனுஷன் நிக்கவே எடமில்லாத எடத்துல மரமா நிக்கும்?

“தேங்காய ஒடச்சிட்டியே அக்கா.”

“மண்ணுக்குத்தான கும்புட்டேன்,” என்றாள். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு, “அதுவும் இல்ல இங்க,” என்றாள்.

இடி இடித்தது. அங்கே இடி மேலே இடிப்பதில்லை, பக்கத்தில் இடிக்கிறது. மழை படுக்கையாக வந்து அடித்தது. வந்த வழி மறைந்துவிட்டது. அடுத்து நாங்கள் செய்த காரியத்தை எந்த மலைக்காரனும் செய்திருக்க மாட்டான். காவேரித் தண்ணீரில் வளர்ந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடியது. மாமா ஓடையைக் காட்டி, “தண்ணி கூடவே போவோம். தண்ணி எங்க போனாலும் கடைசில ஊருக்குத்தான் போவும்,” என்றார். நானும் அக்காவும் தலையாட்டினோம். எங்கள் ஊரில் எந்த வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தாலும் ஒரு மதகு வரும், ஒரு களம் வரும், ஒரு டீக்கடை வரும். வராத வாய்க்காலை நாங்கள் பார்த்ததில்லை.

ஓடை சமர்த்தாகத்தான் போயிற்று. பாறைகளுக்கிடையில் வளைந்து, இரண்டு இடத்தில் எங்களை இடுப்பளவு நனைத்து, பிறகு சட்டென்று நின்றது. அதாவது தண்ணீர் நிற்கவில்லை, தரை நின்றது. மாமாவின் கால் பாசியில் வழுக்கியது. அக்கா அவர் துண்டைப் பிடித்தாள். துண்டு இடுப்பில் முடிச்சுப் போட்டிருந்ததால் மாமா இருக்கிறார். முழங்கால் பாறையில் மோதி வீங்கிவிட்டது. நான் அவரைப் பிடிக்கப் பாய்ந்ததில் என் குடை விரிந்து, அருவியின் மேல் ஒரு நிமிஷம் மிதந்து, காணாமல் போயிற்று.

“ஊரு கீழ இருக்கு,” என்றாள் அக்கா. “போறியா?”

மாமாவை நடுவில் வைத்து மறுபடி முதுகுக்கு ஏறினோம். மழை விட்டபோது ஆடு தேடி வந்த ஒரு மலைக்காரப் பெண் எங்களைக் கண்டாள். பெயர் பூவம்மாள் என்றாள். எங்கே வந்தீர்கள் என்று கேட்டாள். நிலம் பார்க்க என்றோம். எந்த நிலம் என்றாள். கையைக் காட்டினோம். ஆடு தேடுவதை விட்டுவிட்டுச் சிரித்தாள்.

“அதுல ஆடே ஏறாது. போன வருஷம் கரவேட்டி கட்டுன ஒரு ஐயா வந்தாரு, கீழ ரோட்டுலேருந்தே பாத்துட்டு வாங்கிட்டுப் போனாருன்னு சொன்னாங்க. எதுக்குன்னு நாங்களும் பேசிக்கிட்டோம்.”

போன வருஷம். பரம்பரைச் சொத்து. துரைராசுவின் பரம்பரை போன வருஷம்தான் தொடங்கியிருக்கிறது.

அவள் காட்டிய வழியில் ஜீப்புக்கு வந்து சேர்ந்தோம். தங்கையன் சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருந்தார்.

“நெலம் எப்படி?”

“இது வேணாமுங்க,” என்றாள் அக்கா. “எங்களுக்கு வடக்குவெளிதான். பாறைய ஆண்டையே வெச்சுக்கட்டும்.”

“சரி, சரி. அத விசாரணைல சொல்லிக்கலாம். ஏன் ராமாயி, தேங்கா ஒடச்சியா? பிரசாதம் எங்க?”

அக்கா பையிலிருந்து ஒரு மூடியை எடுத்துக் கல்லில் தட்டிச் சில்லெடுத்துக் கொடுத்தாள். சாமிக்கு உடைத்ததைக் கேட்டவருக்கு இல்லை என்று சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. அவர் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மென்று தின்றார். இன்னொரு சில்லும் கேட்டார்.

ஊரில் எங்கள் வீட்டுப் பானைத் தண்ணீரின் நிழல்கூடத் தம்மேல் படக் கூடாது என்று நடக்கிறவர் தங்கையன். சாதி இவ்வளவு லேசாக, ஒரு சில்லுத் தேங்காயில், ஒரு மலையடிவாரத்தில் ஒழியும் என்று எந்தச் சீர்திருத்த மாநாட்டிலும் எனக்குச் சொல்லவில்லை. நேற்றைய நாளில் நல்லதாக நடந்தது அது ஒன்றுதான். ஜீப்பில் வரும்போது அக்காவிடம் மெல்லச் சொன்னேன்.

“பசி,” என்றாள் அவள்.

5 செப்டம்பர், புதன்

மாமாவின் முழங்கால் வீக்கம் வடியவில்லை. குடை இல்லாமல் மேலத்தெரு வழியாகப் போனேன். துரைராசு சிரித்தார்.

22 செப்டம்பர், சனி

விசாரணைக்கு என்ன சொல்ல வேண்டும் என்று அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மலை பாறை; விளையாது; வேண்டாம்; வடக்குவெளிதான் எங்கள் பாடு. அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம். “நீ சொல்லிக்குடுக்காட்டி வேற என்னத்தச் சொல்லப் போறேன்?” என்று கேட்டாள்.

9 அக்டோபர், செவ்வாய்

விசாரணை முடிந்தது.

அதிகாரி கெட்டவர் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். குழந்தைகளிடம் பேசுவது போல அன்பாகப் பேசினார். துரைராசு வரவில்லை, ஏழைகளோடு வழக்காடுவது அவருக்குப் பிடிக்காதாம். தங்கையன் ஆஜர்.

“மலை நிலத்த இவங்க சந்தோஷமா ஏத்துக்கிட்டு, சுவாதீனம் பண்ணிக்கிட்டாங்க ஐயா. மண்வெட்டியோட போயி, பூஜை போட்டு, தேங்கா ஒடச்சு, மொத வெட்டும் வெட்டிட்டாங்க.”

அதிகாரி அக்காவைப் பார்த்தார். “மலைக்குப் போனீங்களா அம்மா?”

“போனேங்க.”

“தேங்காய் உடைச்சீங்களா?”

“ஒடச்சேங்க. ஆனா—”

“உங்க பக்கம் புதுசா நிலம் கிடைச்சா என்ன செய்வீங்க?”

அக்கா என்னைப் பார்த்தாள். இந்தக் கேள்விக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

“தேங்கா ஒடைப்போம்.”

“அவ்வளவுதான் கேட்டேன்.”

“வேணாம்னு அன்னிக்கே இவருகிட்ட சொன்னேனுங்க.”

“எங்க சொன்ன?” என்றார் தங்கையன். “பிரசாதம்தான் குடுத்த. என் கையால வாங்கித் தின்னேன் ஐயா. ரெண்டு தரம்.”

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். “நீங்களா? இவங்க கையிலிருந்து?”

“இந்தக் காலத்துல யாருங்க அதெல்லாம் பாக்குறா?”

அதிகாரியின் முகம் மலர்ந்துவிட்டது. மாவட்டம் எவ்வளவோ மாறியிருக்கிறது என்றார். மனசுக்கு நிறைவாக இருக்கிறது என்றார். இவ்வளவு தூரம் வந்த ஒருவர் பொய் சொல்ல வேண்டிய அவசியம் என்ன என்றும் கேட்டார்.

நான் எழுந்தேன். அங்கே மண்ணே இல்லை, அது பாறை, அதில் ஒன்றும் விளையாது என்றேன். விளைச்சல் விவசாயத் துறையைச் சேர்ந்தது என்றார். அது பரம்பரைச் சொத்து இல்லை, போன வருஷம் வாங்கியது என்றேன். யார் சொன்னது என்றார். ஆடு மேய்க்கும் ஒரு பெண் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நானும்தான் மலைக்குப் போனேன், வேண்டாம் என்று அக்கா சொன்னதை என் காதால் கேட்டேன் என்றேன்.

“நீங்க உறவுக்காரர் சார். தங்கையன் பொது ஆள்.”

வடக்குவெளி மனு தள்ளுபடி.

வெளியே வந்து மரத்தடியில் நின்றோம். மாமா நொண்டிக்கொண்டே போய் மூன்று பேருக்கும் டீ சொன்னார். நான் என்ன எழுதினேன் அந்த மூன்றாம் தேதி? சாதி ஒழிந்தது என்றா? தின்னான்யா, தின்னான். நாங்க குடுத்ததத் தின்னுட்டு, அத வெச்சே எங்க கழுத்த அறுத்தான். பசின்னு அவ சொன்னா. நான் கொள்கைன்னு நெனச்சேன். ரெண்டும் இல்ல.

அக்கா அழவில்லை. “சாமிக்கு ஒடச்சதத் தின்னுட்டு எப்படிடா பொய் சொன்னான்?” என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியது போல.

14 அக்டோபர், ஞாயிறு

மேல்முறையீடு எழுதி அனுப்பினேன். இந்த முறையும் இலக்கணப் பிழை இல்லை.

29 அக்டோபர், திங்கள்

வடக்குவெளியில் நடவு. ஆறு மாவும் இப்போது துரைராசுவின் மருமகள் பிரகதாம்பாள் பெயரில் இருக்கிறது. அந்த அம்மாள் திருச்சியில் இருக்கிறார்; வடக்குவெளி எந்தத் திசையில் இருக்கிறது என்று அவருக்கு யாராவது சொன்னால் தேவலை. நடவுக்கு ஆள் போதவில்லை என்று தங்கையன் சொல்லியனுப்பினார். போகாதே என்றேன். அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

“நாத்து என்னடா பண்ணும், பாவம்.”

மாமா வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வருகிற மடையில் அடைப்பு இருந்தது. எழுந்து போய் எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கூலி அக்காவுக்கு மட்டும்தான்.

6 டிசம்பர், வியாழன்

மேல்முறையீடு கிடைத்தது என்று ஒரு அட்டை வந்திருக்கிறது. கிடைத்ததாம்.

12 பிப்ரவரி 1974, செவ்வாய்

நிலமற்ற விவசாயத் தொழிலாளர்களுக்கு இலவச வீட்டுமனை. இன்று சாவடியில் பெயர் வாசித்தார்கள். துரைராசு தலைமை. எங்கள் தெருவில் கூலிக்குப் போகும் எல்லோருடைய பெயரும் வந்தது. அக்காவின் பெயர் வரவில்லை. கேட்டேன். அவளுக்கு ஐந்து ஏக்கர் இருக்கிறது.